எட்டு கவுண்ட் ஸ்டெப்புக்கு காப்பிரைட்னு மெசேஜ் வந்திருக்கு, கோயில் கொடையில ஆடுத அடி யாருக்குச் சொந்தம்?

சலங்கை_பாளை

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாத்தான் எழுதுதேன், பொறுமையா படிச்சு பதில் சொல்லுங்க, ரெண்டு நாளா சரியா தூக்கமே இல்ல.

நான் பாளையங்கோட்டையில வீட்டு மாடியில தகர ஷீட் போட்டு டான்ஸ் கிளாஸ் நடத்துதேன், பதினோரு வருஷமாச்சு. நாப்பது பிள்ளைய வரைக்கும் வருதுவ. சனி ஞாயிறு பரதம், மத்த நாள் சாயங்காலம் ஃபோக், சினிமா எல்லாம். ஜனவரி பிப்ரவரி வந்தா ஆண்டு விழா சீசன், சுத்துவட்டார ஸ்கூல்ல கூப்பிடுவாவ, அந்த ரெண்டு மாச வருமானத்துலதான் வருஷம் ஓடும்.

இந்தத் தடவை ஒரு ஸ்கூலுக்கு எட்டாங்கிளாஸ் பிள்ளைய பன்னெண்டு பேர வச்சு நாலு நிமிஷ ஐட்டம் ஒண்ணு பண்ணினேன். எப்பவும் சினிமா பாட்டுதானே, ஒரு தடவையாவது நம்ம ஊரு கோயில் கொடையில (திருவிழாவுல) கேக்குத மகுட அடிக்கு, அதான் அந்த தோல் மேளத்துக்கு, பண்ணுவோம்னு ரொம்ப நாள் ஆசை. எங்க ஆச்சி ஊரு அம்பாசமுத்திரம் பக்கம். சுடலைமாடன் கொடைன்னா நாங்க சின்னப்பிள்ளைய எல்லாம் சாக்க விரிச்சு முன்னாடி உக்காந்து கணியான் கூத்து பாப்போம், பாதி பேர் அங்கனயே தூங்கிரும், ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு மேல மகுடம் வேகமெடுக்கும்போது சேலை கட்டி ஆடுதவுக ரெண்டு பேரும் ஒண்ணுபோல ஒரு அரைச்சுத்து சுத்துவாவ பாருங்க, அந்த சலங்கைச் சத்தத்துல தூங்குதது எல்லாம் எந்திச்சிரும். அதத்தான் மனசுல வச்சு எட்டு கவுண்ட்ல (எட்டு தாளக் கணக்குல) அமைச்சேன். வலது குதிகால முன்னாடி வச்சு ரெண்டு தட்டு, இடுப்புல ஒரு வெட்டு, சேலை முந்திய கையில புடிச்சு அந்த அரைச்சுத்து, முழங்கால மடக்கி ஒரு இறக்கம், எட்டாவது கவுண்ட்ல உடம்பு அப்படியே நிக்க தலைய மட்டும் திருப்பி ஒரு பார்வை. பிள்ளைய அந்தப் பார்வைய பிடிக்கதுக்கே ஒரு வாரம் ஆச்சு.

விழா நல்லபடியா முடிஞ்சு ரீல்ஸா போட்டேன், நல்லா ஓடுச்சு. பத்து நாள் கழிச்சு சென்னையில உள்ள ஒரு டான்ஸ் ஸ்டூடியோல இருந்து மெசேஜ். 'இது எங்க சிக்னேச்சர் ஸ்டெப், காப்பிரைட் ரெஜிஸ்டர் பண்ணியிருக்கோம், 48 மணி நேரத்துல எடுக்கணும், இல்லன்னா 75,000 ரூபா கட்டணும், கேஸ் போடுவோம்'னு. அன்னைக்கு ராத்திரியே இன்ஸ்டாகிராம்ல என் வீடியோவுக்கு சத்தம் போயிருச்சு, காப்பிரைட்னு நோட்டிஃபிகேஷன். ரெண்டும் ஒண்ணா வந்ததுல எனக்கு கைகால் ஓடல. (கடைசி இருபது செகண்டுக்கு மட்டும் பிள்ளைய ஆசைப்பட்டுச்சேன்னு ஒரு சினிமா பாட்ட ஒட்டியிருந்தேன், அதயும் சொல்லிருதேன்.)

அவங்க வீடியோவ தேடிப் பாத்தேன். பொய் சொல்லக்கூடாது, குதிகால் தட்டும் அரைச்சுத்தும் அதுல இருக்கு. ஆனா அவங்க வீடியோவ நான் அதுக்கு முன்ன பாத்ததே கிடையாது. வீட்டுல அவங்க 'எடுத்துரு, எதுக்கு வம்பு'ங்காவ. ஸ்கூல்லயும் போன் போட்டு 'எங்க பேரு வருது டீச்சர், எடுத்துருங்க'ன்னுட்டாவ. எடுத்துட்டா நான் திருடினேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிராதா? ஸ்டெப்புக்கு காப்பிரைட்னு ஒண்ணு உண்மையிலயே இருக்கா? இருந்தா நான் சின்னப்பிள்ளையில பாத்தது எப்படி அவங்களுது ஆச்சு?

எடிட்டர்_தம்பி

அக்கா, நான் ஜங்ஷன்ல கல்யாண வீடியோ எடிட் பண்ணுத ஆளு, இந்த சத்தம் போற விஷயம் எனக்கு தினப்பாடு. மொதல்ல ரெண்டையும் பிரிச்சுப் பாருங்க. இன்ஸ்டால சத்தம் போனதுக்கும் அந்த ஸ்டூடியோவுக்கும் சம்மந்தமே இருக்காது. அது உங்க கடைசி இருபது செகண்ட் சினிமா பாட்டு. பாட்டு கம்பெனிக்காரங்க ஒரிஜினல் பாட்ட கொடுத்து வச்சிருப்பாங்க, மெஷின் நம்ம வீடியோவுல உள்ள ஆடியோவ அதோட ஒப்பிட்டுப் பாத்து தானா தட்டிரும். யூடியூப்ல கன்டென்ட் ஐடின்னு இருக்கதும் இதே கதைதான், பாட்டையும் காட்சியையும் அப்படியே எடுத்திருந்தா கண்டுபிடிக்கும். நீங்க ஆடுத ஸ்டெப் இன்னொருத்தர் ஸ்டெப்பா இல்லையான்னு பாக்குத வேலைய அது செய்யாது.

இன்னொண்ணு, யூடியூப்ல கிளெய்ம் வேற ஸ்ட்ரைக் வேற. கிளெய்ம்னா விளம்பரக் காசு அவங்களுக்குப் போகும், இல்ல வீடியோ முடங்கும், சேனலுக்கு ஒண்ணும் ஆகாது. ஸ்ட்ரைக்னா ஒருத்தர் எழுதிக்கொடுத்து எடுக்க வைக்கது, 90 நாளுக்குள்ள மூணு வாங்கினா சேனலே போயிரும். உங்களுக்கு வந்தது இது ரெண்டும் இல்ல, ஒரு ஆளு அனுப்பின மெசேஜ். பாட்ட வெட்டிட்டு மறுபடி ஏத்துங்க, சத்தம் வந்துரும். மத்தத வக்கீல்மாருதான் சொல்லணும்.

கோர்ட்டு_ரோட்டுக்காரன்

தங்கச்சி, பயப்படாதீங்க. நான் பாளை கோர்ட்டுல பிராக்டீஸ் பண்ணுதேன், சிவில் சைடு. உங்க பேப்பர பாக்காம முழுசா சொல்ல முடியாது, ஆனா நீங்க எழுதினத வச்சு சொல்லக்கூடியத சொல்லுதேன்.

நம்ம காப்பிரைட் சட்டம் 1957-ல வந்தது. அதுல டான்ஸுக்குன்னு தனி வீடு கிடையாது, 2(எச்) பிரிவுல 'நாடகப் படைப்பு'க்குள்ள நடன அமைப்பையும் சேத்து வச்சிருக்காவ. அதுவும் எழுத்துலயோ வேற வகையிலயோ ஒரு வடிவமா பிடிச்சு வச்சிருக்கணும்னு நிபந்தனையோட. அதனால டான்ஸுக்கு காப்பிரைட்டே கிடையாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆனா காப்பிரைட் அமைப்புக்குத்தான். உங்க பாஷையிலயே சொல்லுதேன், பரதத்துல அடிப்படை அசைவான தட்டடவு நாட்டடவுக்கெல்லாம் யாரும் பட்டா போட முடியாது, அதே அடவ வச்சு ஒரு டீச்சர் ஒரு வர்ணத்த, ஒரு முழு உருப்படிய, அமைச்சிருந்தா அந்த கோர்வை அவுகளோடது. எங்க முடியுது அடவு, எங்க தொடங்குது அமைப்புங்கிறதுலதான் உலகம் பூரா சண்டை.

இதுல நம்ம சுப்ரீம் கோர்ட்டே ஒரு பெரிய தீர்ப்பு கொடுத்திருக்கு, 2009-ல. கர்நாடகத்துல எழுத்தாளர் சிவராம காரந்த், அங்க உள்ள கூத்தான யட்சகானத்த எடுத்து அதுல தன்னோட கற்பனையில பாலே மாதிரி புதுசா அமைச்சாரு. உயில்ல அந்த உரிமைய மாலினி மல்யாங்கிற அம்மாவுக்கு எழுதி வச்சிட்டு 1997-ல இறந்துட்டாரு. மணிப்பால்ல உள்ள கல்வி அமைப்பு அத மேடையேத்த, அந்தம்மா கேஸ் போட்டாவ. காரந்த் அமைச்ச முறையில அந்த பாலேக்கள ஆடக்கூடாதுன்னு அந்தம்மா பக்கம்தான் தீர்ப்பு. ஆனா யட்சகானத்தையே ஆடக்கூடாதுன்னு யாரும் சொல்லல, சொல்லவும் முடியாது, அது தலைமுறை தலைமுறையா ஊரு ஆடுதது. அது போக, கோர்ட்டு இன்னொண்ணும் தெளிவா சொல்லிச்சு. கல்வி நிறுவனம் அப்ப இருந்த 52(1)(ஐ) பிரிவு (2012 திருத்தத்துக்கு அப்புறம் அது 52(1)(ஜே)) சொல்லுத மாதிரி ஆடுனா தடை பொருந்தாதுன்னு. பள்ளிக்கூடத்துல ஸ்டாஃபும் பிள்ளையளும் ஆட, அங்க உள்ளவுக, அப்பா அம்மாமாரு, விழாவோட சம்மந்தப்பட்டவுக மட்டும் பாத்தா அது மீறல் ஆகாது. ஆக உங்க ஆண்டு விழா மேடை வரைக்கும் யாரும் உங்கள அசைக்க முடியாது. ரீல்ஸா போட்டது அந்தச் சலுகைக்கு வெளிய போயிருது, அத மறைக்க மாட்டேன். ஆனா அங்கயும் கேள்வி ஒண்ணுதான்: அவங்களுதுன்னு சொல்ல அதுல என்ன இருக்கு?

இப்ப செய்ய வேண்டியது. வீடியோவ எடுக்காதீங்க, காசும் அனுப்பாதீங்க, போன்லயும் பேசாதீங்க. 'ரெஜிஸ்டர் பண்ணியிருக்கோம்னு சொன்னீங்க, சான்றிதழ் காப்பி அனுப்புங்க'ன்னு ஒரு வரி எழுத்துல கேளுங்க. வந்த பேப்பர்ல ரெண்டு இடத்தப் பாருங்க. ஒண்ணு, அது சான்றிதழா, இல்ல வெறும் டைரி நம்பரா. விண்ணப்பம் போட்ட உடனே டைரி நம்பர் ஒண்ணு கிடைக்கும், நாடகப் படைப்புக்கு ஃபீஸ் 500 ரூபாதான், யாரு வேணும்னாலும் போடலாம். அதுக்கப்புறம் ஆட்சேபணைக்கு 30 நாள் விட்டு, பரிசீலிச்சுத்தான் பதிவே. ரெண்டாவது, படைப்பு வகைங்கிற கட்டத்துல என்ன போட்டிருக்கு. சினிமாட்டோகிராஃப் ஃபிலிம்னு இருந்தா அவங்க பதிஞ்சது வீடியோவ. வீடியோவ நீங்க டவுன்லோடு பண்ணி போட்டாத்தான் தப்பு, அதுல உள்ள மாதிரி குதிகால தட்டினதுக்கு அது செல்லாது. இன்னொரு விஷயமும் மனசுல வச்சுக்கிடுங்க, அடிப்படையில்லாம காப்பிரைட் கேஸ் போடுவேன்னு மிரட்டினா, மிரட்டப்பட்டவுகளே கோர்ட்டுக்குப் போய் தடையும் நஷ்டஈடும் கேக்கலாம், 60-ஆம் பிரிவு. அவங்களுக்கும் அது தெரியட்டும்.

எட்டாம்_கவுண்ட்

வக்கீல் அண்ணாச்சி சொன்னது எல்லாம் சரி, ஆனா எதிர்ப்பக்கத்தையும் ஒருத்தன் சொல்லணும்ல. நான் கோவில்பட்டிக்காரன், பதினாறு வருஷம் சென்னையில குரூப் டான்ஸரா அப்புறம் அசிஸ்டென்டா இருந்தேன். ஒரு ஹூக் ஸ்டெப்னா, அதான் பாட்டுல எல்லார் மனசுலயும் நிக்குத அந்த ஸ்டெப், வெளிய இருக்கவங்களுக்கு நாலு செகண்ட். உள்ள நாங்க மூணு ராத்திரி கண்ணாடி ஹாலுல அதே நாலு செகண்ட முப்பது விதமா ஆடிப் பாப்போம், ஹீரோ முட்டி வலிக்குன்னா மாத்துவோம், கேமரா கீழ இருந்து வருதுன்னா மாத்துவோம், முதுகு பூரா உப்புப் பூத்திருக்கும் வேர்வையில. அத ஒருத்தன் போன்ல பாத்து பத்து நிமிஷத்துல ஆடி தன் பேர போட்டு லட்சக்கணக்குல வியூஸ் வாங்கும்போது வயிறு எரியும். நான் அமைச்ச ஒரு ஸ்டெப்ப இன்னொருத்தர் மேடையில தன்னோடதுன்னு சொல்லி பரிசு வாங்கினத நான் கீழ நின்னு பாத்திருக்கேன். அன்னைக்கு எனக்கு இந்தச் சட்டம் எதுவும் தெரியாது, தெரிஞ்சிருந்தாலும் வக்கீலுக்கு கொடுக்க காசு இருந்திருக்காது.

அமெரிக்காவுல இந்தச் சண்டை ரொம்ப தூரம் போயிருச்சு. ஃபோர்ட்நைட்டுன்னு வீடியோ கேம், அதுல பொம்மை ஆடுத டான்ஸ காசுக்கு வித்தாங்க. ஒரு டிவி சீரியல்ல கார்ல்டன்ங்கிற கேரக்டரா ஆடின அல்ஃபோன்ஸோ ரிபெய்ரோ 2018 டிசம்பர்ல கேஸ் போட்டாரு, அது என் டான்ஸ்னு. அங்க உள்ள காப்பிரைட் ஆபீஸ் 'இது சாதாரண ஒரு சின்ன டான்ஸ், பதிய முடியாது'ன்னு திருப்பி அனுப்பிருச்சு, 2019 மார்ச்ல அவரும் கேஸ வாபஸ் வாங்கிட்டாரு. எல்லாரும் அத்தோட முடிஞ்சதுன்னு நெனச்சாங்க. அப்புறம் கைல் ஹனகாமின்னு ஒரு மாஸ்டர், தான் அமைச்ச அஞ்சு நிமிஷ டான்ஸ முழுசா பதிவு பண்ணி வச்சிருந்தாரு, அதுல இருந்து ஒரு சின்னத் துண்ட அதே கேம்ல எடுத்துட்டாங்கன்னு 2022-ல கேஸ் போட்டாரு. கீழ் கோர்ட்டு 'சும்மா நாலஞ்சு போஸு'ன்னு தள்ளுபடி பண்ணிருச்சு. 2023 நவம்பர்ல அப்பீல் கோர்ட்டு அப்படி இல்ல, டான்ஸுன்னா போஸு மட்டுமா, உடம்பு போற வேகம், தாளம், ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு மாறுத விதம் எல்லாம் சேந்துதான், அதயெல்லாம் பாக்கணும்னு கேஸுக்கு உயிர் கொடுத்துச்சு. அந்தத் தீர்ப்ப ஒரு பையன் எனக்கு படிச்சு அர்த்தம் சொன்னப்ப எனக்கு கண்ணு கலங்கிருச்சு, நாங்க என்ன செய்யுதோம்னு ஒரு ஜட்ஜுக்கு புரிஞ்சிருக்கேன்னு. கடைசியில ரெண்டு பக்கமும் பேசி முடிச்சுக்கிட்டாங்க.

அதே அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துல பதினாலு வயசுப் பிள்ள ஒண்ணு 2019-ல ரெனிகேட்னு ஒரு டான்ஸ அமைச்சுப் போட்டுச்சு. அத ஆடி பெரிய ஆள் ஆனது வேற யாரெல்லாமோ, அந்தப் பிள்ள பேரு வெளிய வரவே 2020 பிப்ரவரி ஆயிருச்சு. அதனால டீச்சர், உங்க மேல தப்பு இருக்குன்னு நான் சொல்லல, நீங்க எழுதினதப் படிச்சாலே உண்மை தெரியுது. ஆனா 'ஸ்டெப்புக்கு யாரும் சொந்தமில்ல'ங்கிற ஒரு வார்த்தைய பெரிய கம்பெனிக்காரன் கையில கொடுத்துராதீங்க. அவன் எங்க வயித்துல அடிக்கதும் அதே வார்த்தைய வச்சுத்தான்.

தசரா_செட்டு

அண்ணாச்சிமாரே, இதப் படிச்சதுல இருந்து எனக்கு திக்குங்குது. எங்க ஊர்ல இருந்து வருஷா வருஷம் குலசை (குலசேகரன்பட்டினம்) தசராவுக்கு செட்டா, அதான் குழுவா, போவோம், முத்தாரம்மனுக்கு வேஷம் கட்டி ஊரு ஊரா காணிக்கை எடுத்து, மேளம் வச்சு, வெளியூர்ல இருந்து ஆடுத ஆளுங்களையும் கூட்டிட்டு வருவோம். அவுக ஆடுதது பூரா சினிமா ஸ்டெப்புதான். நாளைக்கு ஒவ்வொரு மாஸ்டரும் வந்து என் ஸ்டெப்புக்கு காசு கொடுன்னா நாங்க அம்மனுக்கு காணிக்கை செலுத்தவா, இவுகளுக்கு கட்டவா?

கோர்ட்டு_ரோட்டுக்காரன்

தசரா தம்பி, மனச விட்டுராதீங்க. உண்மையான மதச் சடங்கோட பாகமா நடக்கதுக்கு 52(1)(இஸட்ஏ) பிரிவுல விலக்கு இருக்கு, கல்யாண ஊர்வலத்துக்கும் அதுலயே உண்டு. டிக்கெட் போட்டு மேடை நிகழ்ச்சியா நடத்தினா அது வேற பேச்சு.

கோவில்பட்டி தம்பி எழுதினது நெஞ்சுல தச்சுச்சு. அவரு சொன்ன அந்த ரெண்டு அமெரிக்க கேஸையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, முதல்ல நிக்காம வாபஸ் ஆனது தனியா இருந்த சின்ன ஸ்டெப், பின்னாடி நின்னது முழு அமைப்பா பதிஞ்சு வச்சிருந்தது. நம்ம ஊரு மாஸ்டர்மாரும் அசிஸ்டென்ட்மாரும் தாங்க அமைச்சத கவுண்ட் கவுண்டா நோட்டுல எழுதி தேதி போட்டு வைக்கணும். பதிவு கட்டாயம்னு நம்ம சட்டம் சொல்லல, உரிமை அமைச்சு எழுதி வச்ச அன்னைக்கே வந்துரும், சான்றிதழ் ஒரு அத்தாட்சி அவ்வளவுதான். ஆனா சம்பளத்துக்கு வேலை செஞ்சா, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதாத வரைக்கும் உரிமை வேலை கொடுத்தவருக்குப் போயிரும், கையெழுத்துப் போடும்போது அத கவனிங்க.

மகுடம்_கேக்குதா

அக்கா, இத யாரோ எங்க குரூப்புல போட்டாவ, அதுக்காகத்தான் இங்கன அக்கவுண்ட் தொடங்கி எழுதுதேன். நாங்க கணியான் கூத்து ஆடுத குடும்பம். எங்க பெரியப்பா அண்ணாவி, பாடுதவரு. சித்தப்பா முப்பது வருஷமா சேலை கட்டி ஆடுதாரு. நான் மந்த மகுடம் அடிக்கேன், படிச்சுக்கிட்டே.

உங்க ரீல்ஸ சித்தப்பாவுக்கு காட்டினேன். சத்தம் இல்லாமத்தான் ஓடுச்சு, ஆனா அவரு அந்தப் பிள்ளைய கால மட்டும் பாத்துட்டே என் தொடையில தாளம் போட்டாரு, சரியா உக்காந்துச்சு. நாலஞ்சு தடவை பாத்தாரு. 'குதிகால் தட்டும் அரைச்சுத்தும் நம்மளுது, எங்க அப்பன் ஆடினது, இடுப்பு வெட்டுதது கொஞ்சம் அதிகமா இருக்கு பரவால்ல, ஆனா கடைசியில தலைய திருப்பி நிக்குதுவளே அது நம்ம கூத்துல கிடையாது, அந்தப் பொண்ணு நல்லா யோசிச்சிருக்கு'ன்னு சொன்னாரு. அதனால உங்க கேள்விக்கு எங்க வீட்டு பதில் இது. சுத்து எங்களுது, பார்வை உங்களுது. சென்னை ஸ்டூடியோ வீடியோவுல அந்தப் பார்வை இல்ல, நாங்களும் தேடிப் பாத்தாச்சு.

அவங்களுக்கு அந்தச் சுத்து எங்கேருந்து போச்சுன்னு எனக்கு ஓரளவு தெரியும். நாலு வருஷம் முன்னாடி ஒரு கொடையில கேமராவோட ஆறேழு பேர் வந்தாவ, ஆராய்ச்சின்னு சொன்னாவ, ராத்திரி பூரா எடுத்தாவ. காலையில சித்தப்பா கையில ரெண்டாயிரம் ரூபா கொடுத்துட்டு ஒரு வெள்ளைப் பேப்பர்ல பேரு மட்டும் எழுதி வாங்கிட்டுப் போனாவ. அந்த ஸ்டூடியோதான் வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது, தெரியாம ஒருத்தர் மேல பழி போடக்கூடாது. ஆனா அதுக்கு அப்புறம்தான் ஊரு ஊரா ஒர்க்ஷாப்புல இந்தச் சுத்து வர ஆரம்பிச்சுது, எங்க பேரு இல்லாம. எங்க ஆளுங்க சாமிக்கு கை வெட்டி ரத்தம் கொடுத்து ஆடுத கூத்து அக்கா இது. எங்களுக்குக் காப்பிரைட் வேணும்னு நாங்க யாரும் கேக்கல, யாரு ஆடினாலும் சந்தோஷம்தான். ஆனா எங்ககிட்ட இருந்து எடுத்துட்டு, எடுத்தது எங்களுதுன்னு உங்களையே மிரட்டுதாவன்னு கேட்டப்ப பெரியப்பா சாப்பாட்ட வச்சுட்டு எந்திச்சுப் போயிட்டாரு.

உங்ககிட்டயும் ஒரு வருத்தம் உண்டு, தப்பா எடுத்துக்கிடாதீங்க. உங்க ரீல்ஸுக்கு கீழ 'ஃபோக் டான்ஸ்'னுதான் இருக்கு. கணியான் கூத்துன்னு ஒரு வார்த்தை இல்ல. நீங்க சாக்க விரிச்சு உக்காந்து பாத்ததா இங்க இவ்வளவு எழுதியிருக்கீங்க, அத அங்க ஒரு வரி எழுதியிருக்கலாம்ல.

கோர்ட்டு_ரோட்டுக்காரன்

தம்பி, நீங்க காப்பிரைட் கேக்கலன்னாலும் சட்டம் உங்க சித்தப்பாவுக்கு ஒண்ணு கொடுத்திருக்கு, அத தெரிஞ்சு வச்சுக்கிடுங்க. பரம்பரை ஸ்டெப்புக்கு சொந்தக்காரரா ஆக முடியாது, நாட்டார் கலைக்குன்னு தனியா ஒரு பாதுகாப்பு நம்ம காப்பிரைட் சட்டத்துல கிடையாது, அது எனக்கும் வருத்தம்தான். ஆனா அவரு அன்னைக்கு ராத்திரி ஆடினாரே, அந்த ஆட்டம் அவரோடது. நிகழ்த்துநர் உரிமைன்னு 1994-ல சேத்தாவ, 38-ஆம் பிரிவு, 2012-ல இன்னும் பலப்படுத்தினாவ. டான்ஸ் ஆடுதவுகளும் அதுல வருதாவ, 50 வருஷத்துக்கு. அவரு சம்மதம் இல்லாம அத ரெக்கார்டு பண்ணி வெளிய விடக்கூடாது. சொந்த உபயோகத்துக்கு, படிப்பு ஆராய்ச்சிக்குன்னு விலக்கு இருக்கு, ஆராய்ச்சின்னு எடுத்தத வியாபாரத்துக்குப் போட்டா அந்த விலக்கு நிக்காது. இனிமே கேமரா வந்தா எதுக்கு எடுக்காவ, எங்க போடுவாவ, யாரு பேரு போடுவாவன்னு தமிழ்ல ஒரு பக்கம் எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்து. வெள்ளைப் பேப்பர்ல மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த ஒரு பக்கத்த நானே எழுதித் தாரேன், ஃபீஸ் வேண்டாம், மத்த குழுக்களுக்கும் கொடுங்க.

சலங்கை_பாளை

தம்பி எழுதினத மாடிப்படியில உக்காந்து படிச்சேன், எந்திக்கவே முடியல. நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. பன்னெண்டு பிள்ளைய பேர போட்டேன், ஸ்கூல் பேர போட்டேன், மேக்கப் போட்ட அக்கா பேர கூட போட்டேன், எங்க இருந்து வந்துச்சோ அத போடல. எனக்கு அது தோணவே இல்லங்கிறதுதான் பெரிய வேதனையா இருக்கு. சித்தப்பாகிட்டயும் பெரியப்பாகிட்டயும் நான் மன்னிப்பு கேட்டதா சொல்லுங்க, நேர்லயும் வந்து கேக்கேன்.

நடந்தத சொல்லுதேன். அண்ணாச்சி சொன்ன மாதிரியே ஒரு வரிதான் எழுதினேன், சான்றிதழ் காப்பி அனுப்புங்கன்னு. ஒரு நாள் பூரா பதில் இல்ல. அப்புறம் ஒரு போட்டோ வந்துச்சு. அண்ணாச்சி, அச்சு அசலா நீங்க சொன்னதுதான், டைரி நம்பர் மட்டும், வகைங்கிற இடத்துல சினிமாட்டோகிராஃப் ஃபிலிம். பாத்ததும் வயித்துல இருந்த கல்லு இறங்கின மாதிரி இருந்துச்சு. 'இது உங்க வீடியோவுக்கான விண்ணப்பம். உங்க வீடியோவ நான் பயன்படுத்தல. நான் அமைச்சது கணியான் கூத்துல உள்ள அடிய வச்சு, அந்த அடி தலைமுறையா கொடைகள்ல ஆடுதது. இனிமே மிரட்டினா 60-ஆம் பிரிவுல நடவடிக்கை எடுப்பேன்'னு எழுதினேன். கை நடுங்கத்தான் செஞ்சுது, ஆனா அனுப்பிட்டேன். ராத்திரி பதில், 'காசு வேண்டாம், எங்க பேஜ டேக் மட்டும் பண்ணிருங்க'ன்னு. முடியாதுன்னுட்டேன். கோவில்பட்டி அண்ணே, நீங்க அமைச்ச ஒண்ண நான் எடுத்திருந்தா உங்க பேர கண்டிப்பா போட்டிருப்பேன், இது அப்படி இல்லல்லா.

ஸ்கூலுக்கும் நேர்ல போய் அந்த போட்டோவ காட்டி விளக்கம் சொன்னேன். மேடையில ஆடினதுல பிரச்சினை இல்லன்னு புரிஞ்சிக்கிட்டாவ, ரீல்ஸுல ஸ்கூல் பேர மட்டும் எடுக்கச் சொன்னாவ, எடுத்துட்டேன். சினிமா பாட்டையும் வெட்டியாச்சு. ஆனா இப்ப அந்த இருபது செகண்ட் மொட்டையா நிக்கு. தம்பி, ஒரு விண்ணப்பம். அந்த இடத்துக்கு உங்க மகுடத்த வாசிச்சு ரெக்கார்டு பண்ண முடியுமா? சும்மா இல்ல, உங்க குழு வழக்கமா வாங்குத சம்பளம் என்னவோ அது. சித்தப்பா ஒரு நாள் வந்து பிள்ளையளுக்கு அந்த இடுப்பு வெட்டையும் சரி பண்ணிக் கொடுத்தாருன்னா வாழ்க்கை பூரா மறக்க மாட்டேன். அண்ணாச்சி எழுதித் தாரேன்னு சொன்ன பேப்பர்ல முத கையெழுத்து என்னோடதா இருக்கட்டும்.

எட்டாம்_கவுண்ட்

இல்லல்லா-ன்னு நீங்க சொன்னதுல கோவில்பட்டிக்கே வந்துட்டேன் டீச்சர். டேக் பண்ணாதது சரிதான். அந்த எட்டு கவுண்டையும் இன்னைக்கே நோட்டுல எழுதி தேதி போடுங்க, பார்வை உட்பட. சித்தப்பா வர்ற அன்னைக்கு நானும் வரலாமா? ஆடணும்னு இல்ல, ஓரமா நின்னு பாத்துக்கிடுதேன்.

மகுடம்_கேக்குதா

சித்தப்பா வாராரு அக்கா. ஞாயித்துக்கிழமை வேண்டாம், ஒரு கொடை இருக்கு, அடுத்த சனிக்கிழமை காலையில வாரோம், மந்தமும் உச்சமும் ரெண்டு மகுடமும் கொண்டு வாரோம். கோவில்பட்டி அண்ணனும் வாங்க. பெரியப்பா ஒண்ணே ஒண்ணு சொல்லச் சொன்னாரு, கைவெட்டுக்கு அடிக்க அடிய மட்டும் பிள்ளையளுக்கு சொல்லித்தர மாட்டோம், மேடையிலயும் வேண்டாம், அது சாமி முன்னாடி மட்டும்தான். மத்தது எது வேணும்னாலும் கேக்கலாம்.

மாடியில தகர ஷீட்டுன்னு சொன்னீங்களே, தீ மூட்ட இடம் இருக்குமா? தோலு இறுகினாத்தான் உச்சம் பேசும். கீழ முத்தத்துல ஓரமா இடம் இருந்தா போதும், ரெண்டு கட்டு வைக்கோல் வாங்கி வச்சிருங்க, நனையாதது.